குடும்பத்தோடு ரக்பி லீக் பார்க்கப் போனால் பர்ஸ் தாங்குமா?

வென்டி அப்பா

வணக்கம். நாங்கள் சிட்னியின் மேற்கே வென்ட்வொர்த்வில்லில் குடியிருக்கிறோம். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. மகனுடைய வகுப்பில் பாதிப் பேர் பரமட்டா ஈல்ஸ், மீதிப் பேர் பென்ரித் பாந்தர்ஸ், இரண்டும் ரக்பி லீக் அணிகள். கிரிக்கெட் மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்த தகப்பன் என்ற முறையில் எனக்கு மனத்தாங்கல்தான். ஆனால் பையன் முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு தூங்குகிறான், என்ன செய்வது?

சமீபத்தில் சிட்னியின் பெரிய மைதானம் ஒன்றுக்கு நால்வரும் போய்வந்தோம். எது என்று சொல்லப் போவதில்லை. டிக்கெட் விலை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டு பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்த குடும்ப டிக்கெட் 80 டாலர் சொச்சம். அதன் மேல் பதிவுக் கட்டணம் என்று கொஞ்சம். கார் நிறுத்த 30. உள்ளே போய் உட்கார்ந்தவுடன் மகளுக்குப் பசி. அவளுக்குப் பசித்தால் அண்ணனுக்கும் பசிக்கும். சிப்ஸ், ஹாட் டாக், குளிர்பானம், தண்ணீர், இடைவேளையில் ஐஸ்கிரீம் என்று 70 டாலருக்கு மேல் கரைந்தது. பிறகு ஒரு தொப்பி, ஒரு கொடி. வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தால் 250ஐத் தாண்டிவிட்டது. ஜெர்சி வாங்காமலேயே இந்தக் கணக்கு.

பையன் அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை

2025 ஜூலையில் ஆஸ்திரேலியாவில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர் ஆனது. உங்கள் மாலை நேரத்தின் விலை அந்த ஊதியக்காரர் ஒருவருக்குப் பத்து மணி நேர வேலை. அதுவும் வரி பிடிப்பதற்கு முன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 250இல் டிக்கெட் மூன்றில் ஒரு பங்குதான். கிளப்கள் விளம்பரத்தில் காட்டுவதும் அந்த ஒரு பங்கைத்தான். மீதி இரண்டு பங்கை நாம் வாசலுக்கு உள்ளேயும் கார் நிறுத்துமிடத்திலும் கொட்டுகிறோம். ஆகவே டிக்கெட் விலை ஏறிவிட்டது என்று புலம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. மற்ற இரண்டு பங்கை எப்படிக் குறைப்பது என்று பேசினால் இந்த இழை உருப்படும்.

சந்தேகராமன்

ஏன் போக வேண்டும் என்று நான் கேட்கிறேன். ஞாயிறு மாலை 4.05 ஆட்டம் சேனல் நைனில் காசில்லாமல் வருகிறது. வியாழன் இரவு ஒன்று, வெள்ளி இரவு ஒன்று, நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின், இறுதிப் போட்டி எல்லாம் இலவசம். சோபாவில் உட்கார்ந்தால் மூன்று கோணங்களில் மறுபடியும் காட்டுகிறான். மைதானத்தின் மேல்தட்டில் உட்கார்ந்து எறும்பு ஓடுவதைப் பார்க்க 250 டாலரா?

நீலமஞ்சள்

சந்தேகராமன், அந்த 4.05 ஆட்டத்தில் கூட்டம் எழுப்புகிற சத்தத்தைக் கேட்டுத்தானே உங்கள் தொலைக்காட்சிக்கும் உயிர் வருகிறது? எல்லோரும் சோபாவிலேயே இருந்துவிட்டால் காலி நாற்காலிகளைத்தான் மூன்று கோணங்களில் காட்டுவார்கள். 2020இல் கொரோனா காலத்தில் காட்டினார்களே, அட்டைப் பொம்மைகளை உட்கார வைத்து.

வென்டி அப்பா, நான் பல ஆண்டுகளாக ஈல்ஸ் உறுப்பினர். 1986க்குப் பிறகு கோப்பையைப் பார்க்காத கிளப்புக்கு உறுப்பினராக இருப்பவனுக்குப் பொறுமை அதிகம், ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் காரை வீட்டில் விடுங்கள். வென்ட்வொர்த்வில்லில் ரயில் ஏறினால் வெஸ்ட்மீட், அதற்கடுத்து பரமட்டா. அங்கிருந்து ஈல்ஸ் ஆடும் காம்பேங்க் மைதானத்துக்கு நடந்தே போகலாம். பிள்ளைகள் நடக்க அழுதால் 2024 டிசம்பரில் தொடங்கிய இலகு ரயில் இருக்கிறது, பிரின்ஸ் ஆல்ஃபிரட் சதுக்கத்தில் இறங்கினால் மைதானம் பக்கம்தான். வெள்ளி, சனி, ஞாயிறுகளில் ஓப்பல் பயண அட்டைக்கு ஒரு நாளையக் கட்டண உச்சவரம்பு பெரியவருக்கே பத்து டாலருக்குள், பிள்ளைகளுக்கு அதில் பாதி. போகவர நால்வருக்கும் சேர்த்து, நீங்கள் கார் நிறுத்தக் கொடுத்ததைவிடக் குறைவு. சில பெரிய ஆட்டங்களுக்கு டிக்கெட்டிலேயே ரயில் பயணமும் அடங்கும், ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. டிக்கெட்டைப் படித்துப் பாருங்கள்.

அடுத்தது உறுப்பினர் கட்டணம். ஒரு அணிக்குப் பருவத்தில் 24 ஆட்டங்கள், அதில் ஏறக்குறைய பாதி சொந்த மைதானத்தில். அத்தனைக்கும் சேர்த்து உறுப்பினராவது பிள்ளைக்காரர்களுக்குச் சரிப்படாது. பிறந்தநாள் விழா, தமிழ்ப் பள்ளி, காய்ச்சல் என்று பாதியை விட்டுவிடுவோம். மூன்று ஆட்டத் திட்டம் பல கிளப்களில் உண்டு. அதை எடுங்கள். தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு, பிள்ளைகளுக்குத் தொப்பியோ கழுத்துப்பட்டையோ கையோடு கிடைத்துவிடும். வாசலில் கொடி விற்பவரிடம் நிற்க வேண்டியதில்லை.

தூங்காபி அக்கா

தம்பி வென்டி அப்பா, சாப்பாட்டுக்கு 70 டாலர் என்று படித்ததும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. ஏன் வீட்டிலிருந்து கொண்டுபோகவில்லை?

பலருக்கு இது தெரிவதில்லை. சிட்னியின் பெரிய மைதானங்களில் சொந்த உபயோகத்துக்கான சாப்பாட்டை உள்ளே விடுவார்கள். கண்ணாடிப் பாட்டில், தகர டப்பா, மது, பெரிய ஐஸ் பெட்டி ஆகியவைதான் கூடாது. தண்ணீர் பாட்டிலுக்கு ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதி, மூடி திறக்காததாக இருந்தால் அநேகமாகப் பிரச்சினை வராது. போகும் முன் மைதானத்தின் இணையப் பக்கத்தில் நுழைவு விதிகளைப் படித்துவிடுங்கள். பையின் அளவுக்கும் வரம்பு உண்டு.

நான் எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஒரு டப்பா முறுக்கு எடுத்துப் போவேன். பாதுகாப்புப் பரிசோதனையில் இருந்த பையன் முறுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், ஒன்றைக் கொடுத்தேன், சிரித்துக்கொண்டே விட்டுவிட்டான். சாம்பார் மட்டும் வேண்டாம். முன்வரிசைக்காரருடைய வெள்ளைச் சட்டை நம் நிம்மதியைக் கெடுக்கும்.

பிள்ளைகளுக்கு உள்ளே ஏதாவது ஒன்று வாங்கித் தர வேண்டும்தான், இல்லையென்றால் போய்வந்த மாதிரி இருக்காது. ஆளுக்கு ஒன்று, அதுவும் இடைவேளையில் என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட வேண்டும். உள்ளே போன பிறகு பேச்சுவார்த்தை நடத்தினால் தோற்பது நாம்தான்.

சந்தேகராமன்

அக்கா, 20 டாலர் சிப்ஸை மிச்சம் பிடிக்க விடிகாலையில் எழுந்து சாதம் வடிப்பவர் யார்? அந்த உழைப்புக்கு விலை போட்டீர்களா?

தூங்காபி அக்கா

என் வீட்டில் என் கணவர் வடிக்கிறார். உங்கள் வீட்டில் யார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பழைய பிராட்பி

கண்டியில் படித்தவன் நான். ராயல் கல்லூரிக்கும் டிரினிட்டிக்கும் நடக்கும் பிராட்பி கேடயப் போட்டியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ரக்பி என்றால் பதினைந்து பேர் விளையாடும் யூனியன்தான். சிட்னிக்கு வந்த பிறகே பதின்மூன்று பேர் ஆடும் லீக் பழகியது. அதன் பிறப்பைப் படித்தபோது இந்த இழையின் கேள்விக்கு ஒரு சுவையான தொடர்பு கிடைத்தது.

இந்த ஆட்டமே கூலித் தகராறில் பிறந்தது. இங்கிலாந்தின் வடக்கே சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். இழந்த கூலியைக் கிளப் ஈடுகட்ட வேண்டும் என்று வடக்குக் கிளப்கள் கேட்டன. லண்டன் கனவான்கள் முடியாது என்றார்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஓட்டலில் 20க்கும் மேற்பட்ட கிளப்கள் கூடிப் பிரிந்து வந்தன. ஒரு நாள் இழப்புக்கு ஆறு ஷில்லிங் வரை தரலாம் என்று தீர்மானித்தார்கள்.

சிட்னியிலும் அதே கதை. 1907இல் அலெக் பர்டன் என்ற முடிதிருத்தும் தொழிலாளி ஆட்டத்தில் காயமடைந்தார். வேலைக்குப் போக முடியவில்லை. யூனியன் அமைப்பு நயா பைசா தரவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று ஜார்ஜ் தெருவில் பேட்மன் என்பவரின் ஓட்டலில் கூடி நியூ சவுத் வேல்ஸ் ரக்பி லீக்கைத் தொடங்கினார்கள். அதன் முதல் பொருளாளர் யார் தெரியுமா? விக்டர் டிரம்பர். ஆம், நம் தாத்தாக்கள் பெயர் சொல்லி வணங்கிய அதே கிரிக்கெட் வீரர்.

ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலிக்காகப் பிறந்த ஆட்டத்தை அவன் குடும்பத்தோடு பார்க்கப் போனால் ஒரு நாள் கூலிக்கு மேல் ஆகிறது என்று கணக்குப்பிள்ளை சொல்கிறார். இதை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கணக்குப்பிள்ளை

ஐயா, டிரம்பர் எனக்குப் புதுச் செய்தி. மிக்க நன்றி. ஒரு திருத்தம் மட்டும்: 1908இல் மைதானத்துக்குப் போன தொழிலாளி பெரும்பாலும் தனியாகவோ கூட்டாளிகளோடோ போயிருப்பார். நால்வர் டிக்கெட்டுக்கும் ஐஸ்கிரீமுக்கும் அவர் கணக்குப் போட்டிருக்க மாட்டார். குடும்பம் என்று ஒட்டுமொத்தமாக விற்பது பிற்காலத்து வியாபாரம்.

யார்க்‌ஷயர் மழை

லீட்ஸிலிருந்து எழுதுகிறேன், மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். பழைய பிராட்பி ஐயா சொன்ன ஹடர்ஸ்ஃபீல்டு எங்களுக்குப் பக்கத்து ஊர்.

இங்கே நிலைமை சற்று வேறு. லீட்ஸின் ஹெடிங்லி மைதானத்தில் ஒரு பக்கம் நின்றுகொண்டு பார்க்கலாம். இங்குள்ள முதல்நிலைப் போட்டியான சூப்பர் லீக்கின் கிளப்கள் பெரும்பாலும் நெருக்கமாக இருப்பதால் வெளியூர் ஆட்டத்துக்குக்கூட வீட்டிலிருந்து போய் இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். வேக்ஃபீல்டு, காசில்ஃபோர்டு எல்லாம் பக்கம். ஓட்டல் செலவு அநேகமாகக் கிடையாது. 1996இலிருந்து ஆட்டம் கோடைக்கு மாறிவிட்டது, ஆகவே பிள்ளைகள் விறைத்துப்போவதில்லை. மழை மட்டும் அப்படியே இருக்கிறது.

2026இல் சூப்பர் லீக்கை 14 அணிகளாக்கி பிராட்ஃபோர்டைத் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். தெற்காசியக் குடும்பங்கள் நிறைந்த நகரம் அது. 1954இல் அங்குள்ள ஓட்சல் மைதானத்தில் சாலஞ்ச் கோப்பை மறு இறுதிப் போட்டியை 1,02,569 பேர் பார்த்தார்கள் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. இன்று அதே ஊரில் என் தோழிகளான பாகிஸ்தானியத் தாய்மார்கள் யாரும் அந்த வாசலை மிதித்ததில்லை. டிக்கெட் விலை எங்கள் ஊரில் கட்டுப்படியாகாதது அல்ல. எங்களைப் போன்றவர்கள் அங்கே உட்காரலாமா என்ற தயக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். பியர் வாடை ஒரு பக்கம், பக்கத்தில் யார் எப்படிப் பேசுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். காசு பற்றிய இழையில் இதைச் சொல்லலாமா தெரியவில்லை.

தூங்காபி அக்கா

தாராளமாகச் சொல்லலாம். நானும் முதல் தடவை அப்படித்தான் பயந்தேன். இங்கே பல மைதானங்களில் மது அருந்தக் கூடாத பகுதி என்று தனியாக உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே அதைப் பார்த்து எடுங்கள். விலை வேறுபாடு இல்லாமல் நிம்மதியாக இருக்கலாம். பரமட்டாவில் இப்போது நம்மவர், லெபனான்காரர், பசிபிக் தீவுக்காரர் எல்லோரும் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். என் பின்னால் உட்கார்ந்த ஒரு தோங்கா நாட்டுப் பாட்டி என் மகளுக்கு விதிகளை எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டார். ஆறாவது தடவை பிடித்து நிறுத்தினால் பந்து எதிரணிக்கு என்பதை நானே அவரிடம்தான் கற்றேன்.

பிரிஸ்பேன் வாசி

சிட்னிக்காரர்கள் ரயில் கட்டணம் பத்து டாலருக்குள் என்று பெருமைப்படுவதைப் பார்த்துச் சிரிப்பு வருகிறது. 2024 ஆகஸ்டிலிருந்து குயின்ஸ்லாந்தில் எங்கே போனாலும் 50 காசு. சன்கார்ப் மைதானத்துக்கு ஆட்ட டிக்கெட் இருந்தால் பஸ்ஸும் ரயிலும் அதுவும் இல்லாமல் இலவசம். மைதானத்தைச் சுற்றிக் கார் நிறுத்த இடமே கிடையாது என்பதால் யாரும் காரைப் பற்றி யோசிப்பதுமில்லை.

மே மாதம் நடக்கும் மேஜிக் ரவுண்டைப் பற்றி யாராவது யோசித்திருக்கிறீர்களா? 2019இலிருந்து நடக்கிறது. அந்தச் சுற்றின் ஆட்டங்கள் எல்லாம் ஒரே வார இறுதியில் ஒரே மைதானத்தில். ஒரு நாள் டிக்கெட்டில் அடுத்தடுத்து இரண்டு மூன்று ஆட்டம் பார்க்கலாம். ஆட்டத்துக்கு எவ்வளவு என்று வகுத்தால் இதைவிட மலிவு கிடையாது.

நீலமஞ்சள்

பிரிஸ்பேனில் இருப்பவருக்கு மலிவு. சிட்னியிலிருந்து நால்வர் விமானம் ஏறி, அந்த வாரத்தில் மூன்று மடங்கு கேட்கும் ஓட்டலில் தங்கினால் வென்டி அப்பா வீட்டை அடகு வைக்க வேண்டியதுதான். மேலும் ஆறு வயதுப் பிள்ளை மூன்று ஆட்டம் உட்காருமா? என் மகள் இரண்டாம் பாதியிலேயே என் காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டி விளையாடிக்கொண்டிருப்பாள்.

வென்டி அப்பா

அடகு வைக்க வீடு சொந்தமாக இருந்தால்தானே, நீலமஞ்சள்? வாடகை வீடு.

அக்கா சொன்ன எலுமிச்சை சாதத்தை மனைவியிடம் படித்துக் காட்டினேன். மைதானத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்க அவளுக்குக் கூச்சமாம். பார்ப்போம்.

இன்னொரு தொல்லையை எழுத விட்டுப்போயிற்று, அது நேரம். இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டத்துக்குப் போனால் முடியப் பத்து. வெளியே வந்து வீடு சேரப் பதினொன்று. மகள் தோளில், பை கையில். குழந்தைகளுக்கான ஆட்டம் என்று விளம்பரம் செய்துவிட்டு யாருக்காக இந்த நேரத்தை வைக்கிறார்கள்?

கணக்குப்பிள்ளை

தொலைக்காட்சிக்காக. நேர அட்டவணையை ஒரு முறை பாருங்கள். வியாழன் 7.50, வெள்ளி 6 மற்றும் 8, சனி 3, 5.30, 7.35, ஞாயிறு 2 மற்றும் 4.05. ஒன்றுக்கு மேல் ஒன்று விழாதபடி தொலைக்காட்சிக்காரர்கள் அடுக்கியது. லீக்கின் பெரிய வருமானம் ஒளிபரப்பு உரிமை. வாசலில் நாம் தருவது அதன் பக்கத்தில் சில்லறை. பெரிய ரசிகர் கூட்டம் உள்ள அணிகளுக்கு வியாழனும் வெள்ளியும்தான் அதிகம் வாய்க்கும்.

பிள்ளைக்காரர்களுக்கு ஆனது சனி 3 மணி, ஞாயிறு 2 மணி. அவை பெரும்பாலும் கட்டண ஒளிபரப்பில் போகிற, அவ்வளவு பரபரப்பில்லாத ஆட்டங்கள். கூட்டம் குறைவு, டிக்கெட்டும் கிடைக்கும். இரண்டும் நமக்கு நல்லதே.

ஹோம்புஷ் மாமா

எல்லோரும் மிச்சம் பிடிக்கும் வழியையே சொல்கிறீர்கள். விற்பவனை ஏன் யாரும் கேட்பதில்லை? அமெரிக்காவில் அட்லாண்டா நகரின் மெர்சிடிஸ்-பென்ஸ் மைதானம் 2017இல் திறந்தபோது உணவு விலையைப் பாதியாக்கினார்கள். ஹாட் டாக் இரண்டு டாலர், நிரப்பி நிரப்பிக் குடிக்கும் குளிர்பானம் இரண்டு டாலர். கடைசியில் பார்த்தால் ஒரு ரசிகர் உணவுக்குச் செலவிட்ட சராசரித் தொகை பழைய மைதானத்தைவிட 16 சதவீதம் கூடியிருந்தது. மலிவாக இருந்ததால் சீக்கிரம் வந்தார்கள், அதிகம் வாங்கினார்கள். நம் ஊர் மைதானக்காரர்களுக்கு இது தெரியாதா என்ன?

கணக்குப்பிள்ளை

தெரியும். ஆனால் அட்லாண்டாவில் அணியும் மைதானத்தை நடத்துபவரும் ஒரே முதலாளி. சிட்னியின் பெரிய மைதானங்கள் மாநில அரசுக்குச் சொந்தம், அணிகள் வாடகைக்கு வருகின்றன, உணவுக் கடைகளை வேறு ஒப்பந்ததாரர் நடத்துகிறார். சிப்ஸ் விலையைக் குறைத்தால் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் கிளப்புக்கு லாபம். ஆனால் குறைக்க வேண்டியவர் ஒப்பந்ததாரர். அவருக்கு இதில் என்ன ஆதாயம்? இந்த முடிச்சை அவிழ்க்காமல் ஹாட் டாக் இரண்டு டாலருக்கு வராது, மாமா.

ஹோம்புஷ் மாமா

அப்படியானால் அரசு தன் மைதானத்தின் ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். பிள்ளைகளுக்கான சாப்பாடு ஒன்று, தண்ணீர் ஒன்று, இந்த விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று. 30,000 பேர் உட்காரும் பரமட்டா மைதானத்தைப் பொதுப் பணத்தில்தானே 2019இல் கட்டித் திறந்தார்கள்? என் வரியில் கட்டிய கூரைக்குக் கீழே ஒரு பாட்டில் தண்ணீருக்கு நான் ஏன் யோசிக்க வேண்டும்?

சந்தேகராமன்

மாமாவுடன் முதல் முறையாக ஒத்துப்போகிறேன். அப்படியே இன்னொன்றையும் பேசுவோம். டிக்கெட் மலிவு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டீர்களே, அது யார் காசு? சிட்னி அணிகள் பலவற்றுக்குப் பின்னால் லீக்ஸ் கிளப் என்ற மனமகிழ் மன்றம் ஒன்று இருக்கிறது. அதன் பின்னால் போக்கர் சூதாட்ட இயந்திரங்கள். 1956இல் இந்த மாநிலத்தில் அப்படிப்பட்ட மன்றங்களுக்கு அவற்றைச் சட்டபூர்வமாக்கினார்கள். ஃபேர்ஃபீல்டு, கேன்டர்பரி-பேங்க்ஸ்டவுன் பகுதிகளில் மாநிலத்திலேயே மிக அதிகமாகப் பணம் தொலைகிறது. அங்கே தொலைப்பதும் ஒரு குடும்பத்தின் அப்பாதான். அவர் வீட்டுப் பிள்ளையின் காசில்தான் நம் பிள்ளை மலிவாக ஆட்டம் பார்க்கிறது.

நீலமஞ்சள்

அதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே லீக்ஸ் கிளப் பணத்தில்தான் சிறுவர் அணிகளின் ஜெர்சியும், விளக்குக் கம்பமும், பேருந்தும் வருகின்றன. நிறுத்திவிட்டால் யார் தருவார்கள்?

சந்தேகராமன்

இந்தக் கேள்வியைக் கேட்டே எழுபது ஆண்டுகளை ஓட்டிவிட்டார்கள்.

நெறியாளர்

சூதாட்டச் சட்டம் பற்றித் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். இங்கே குடும்பச் செலவு மட்டும். ஒருவரையொருவர் தாக்கிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

மலைச்சரிவு

இவ்வளவு நேரமாக யாரும் லைக்கார்ட் ஓவலைச் சொல்லவில்லையே! நான் அங்கே ஆடும் டைகர்ஸ் அணியின் ரசிகன், ஆகவே ஆட்டத்தின் முடிவைப் பற்றி எனக்குக் கவலையில்லை, பழகிவிட்டது. லைக்கார்டில் நாற்காலி இல்லாத புல்மேடு ஒன்று உண்டு, வெய்ன் பியர்ஸ் ஹில் என்று பெயர். பாயை விரித்து உட்கார்ந்துவிட்டால் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்க யாருக்கும் கூச்சம் வராது, வென்டி அப்பா மனைவிக்குச் சொல்லுங்கள். சுற்றிலும் எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள். பிள்ளைகள் சரிவில் உருளுவார்கள், பந்தோடு ஓடுவார்கள், யாராவது எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து டிரை எடுத்தால் ஐந்து நிமிடம் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு இந்த மேடு போதும், எந்தப் பளபளப்பான அரங்கமும் வேண்டாம்.

மேட்டு டிக்கெட் இருக்கை டிக்கெட்டைவிடக் குறைவு. புரூக்வேலில் மேன்லிக்கும், கோகராவில் டிராகன்ஸுக்கும், கேம்ப்பெல்டவுனில் எங்களுக்கும் மேடு உண்டு. நான்கு வயதுக்குக் கீழ் இருக்கும் குழந்தைகளுக்குப் பல இடங்களில் டிக்கெட்டே வேண்டாம், வயது வரம்பை மட்டும் அந்தந்த மைதானத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

குறை ஒன்று உண்டு. கழிப்பறை வரிசை. ஆறு வயது மகளுக்கு அவசரம் என்று தெரிந்ததும் கிளம்பக் கூடாது, அவளுக்கே தெரிவதற்கு முன் கிளம்ப வேண்டும்.

யார்க்‌ஷயர் மழை

மேடு! எங்கள் ஊர் நின்று பார்க்கும் பகுதிக்கு உடன்பிறப்பு போலிருக்கிறது.

காதுமூடி

வேறு மாதிரி வீடு எங்களுடையது, அதனால் எழுதுகிறேன். என் மகனுக்கு ஆட்டிசம். ஆட்டம் என்றால் உயிர், சத்தம் என்றால் நடுக்கம். கம்பானியன் கார்டு என்ற அட்டை இருக்கிறது, தனியாகப் போக முடியாத மாற்றுத்திறனாளிக்குத் துணையாக வருபவருக்கு டிக்கெட் வாங்க வேண்டாம். பெரிய மைதானங்கள் ஏற்கின்றன. விண்ணப்பம் சற்று நீளம், மருத்துவர் கையெழுத்து வேண்டும், ஆனால் ஒரு முறை செய்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் பயன்படும். டிக்கெட் எடுக்கும்போதே சொல்ல வேண்டும், வாசலில் போய்க் கேட்டால் அலைச்சல்.

சத்தத்துக்குக் காதுமூடி வாங்குங்கள், இரும்புக் கடையில் கிடைப்பதே போதும். சில மைதானங்களில் ஒலி குறைந்த அறைகளும் வந்துவிட்டன. எங்களுக்கு எந்தத் தள்ளுபடியையும்விட அந்த அறை பெரிய உதவி, ஏனென்றால் பாதியில் எழுந்து வந்தால் முழு டிக்கெட்டும் வீண்.

தூங்காபி அக்கா

காதுமூடி, இது எனக்குத் தெரியாது. என் தங்கை மகனுக்குச் சொல்கிறேன். நன்றி.

நீலமஞ்சள்

ஜெர்சி பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் வென்டி அப்பா இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை, வருவார். பெரியவர் ஜெர்சி 150 டாலரைத் தாண்டும். ஆண்டுக்கு ஆண்டு கோடு மாறும், விளம்பரதாரர் மாறுவார், பூர்வகுடிச் சுற்றுக்கு ஒன்று, போர்வீரர்களை நினைவுகூரும் அன்சாக் நாளுக்கு ஒன்று என்று தனித்தனி. பருவம் முடிந்ததும் செப்டம்பர், அக்டோபரில் பாதி விலைக்கு வரும். ஒரு அளவு பெரியதாக வாங்கிவையுங்கள். பையன் கேட்டால் நிறம் அதேதான் என்று சொல்லுங்கள். எங்கள் ஜெர்சி ஆண்டுதோறும் நீலமும் மஞ்சளும்தான், அதில் ஏமாற்றமில்லை.

வீரரின் பெயர் மட்டும் பதிக்காதீர்கள். வேறு கிளப்புக்குப் போய்விடுவார். எதிரணியில் அவர் ஓடும்போது பிள்ளை அழும்.

பழைய பிராட்பி

வென்டி அப்பா, உங்கள் வீட்டு வாசலிலேயே ரிங்ரோஸ் பூங்கா இருக்கிறதே. வென்ட்வொர்த்வில் மேக்பைஸ் அணி அங்கே ஆடுகிறது. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். எலும்போடு எலும்பு மோதும் சத்தம் கேட்கும், வீரர்கள் ஒருவரையொருவர் திட்டுவதும் கேட்கும். அதற்கு மட்டும் பிள்ளைகளின் காதைப் பொத்துங்கள். பெரிய மைதானத்துக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதிதான் ஆகும். நாளைக்கு நாட்டின் முதல்நிலைப் போட்டியான என்ஆர்எல் ஆடப் போகும் இளைஞர்கள் இந்தக் கீழ்நிலை ஆட்டங்களில்தான் தேறி வருகிறார்கள்.

பெண்கள் லீக்கையும் பாருங்கள். 2018இல் தொடங்கியது. ஜூலையிலிருந்து நடக்கும். ஆண்கள் ஆட்டத்துக்கு முன்னால் அதே மைதானத்தில் வைக்கும் நாட்களில் ஒரே டிக்கெட்டில் இரண்டும் கிடைக்கும். உங்கள் மகள் பார்க்க வேண்டியது அதைத்தான்.

வென்டி அப்பா

ஐயா, மகளிடம் பெண்கள் ஆட்டத்தின் காணொளியைக் காட்டினேன். அரை மணி நேரத்தில் தலையணையைப் பந்தாக்கி அண்ணனைக் கீழே தள்ளிவிட்டாள். ஆகவே செலவு இனி இரட்டிப்பு.

எல்லாவற்றையும் வைத்து மனைவியும் நானும் ஒரு திட்டம் போட்டிருக்கிறோம். சனி, ஞாயிறு பகல் ஆட்டங்கள் மட்டும். ரயிலில். ஈல்ஸ் மூன்று ஆட்டத் திட்டம், ஒரு முறை லைக்கார்டு மேடு. நடுவில் ரிங்ரோஸ். சாப்பாடு வீட்டிலிருந்து, உள்ளே ஆளுக்கு ஒரு பொருள். ஒரு முறைக்கு நால்வருக்கும் 120 டாலருக்குள் முடிக்க முடியும் என்று கணக்கு வருகிறது. கணக்குப்பிள்ளை, தவறு இருந்தால் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

ரயிலுக்கு 30ஐ எடுத்துவிட்டு மீதியை டிக்கெட்டுக்கும் ஐஸ்கிரீமுக்கும் பிரித்தால் சரியாக நிற்கிறது. ஐந்து மணி நேர ஊதியத்துக்குள். ஆனால் ஆட்டம் முடிந்து ஹாரிஸ் பார்க்கில் தோசை சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் உடையும்.

தூங்காபி அக்கா

சொல்வார்கள்.

வென்டி அப்பா

ஒரு சந்தேகம் மிச்சம். பரமட்டா மைதானத்தில் மலிவு இருக்கைகளில் மழை வந்தால் நனைவோமா? முன்வரிசை குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே என்று பார்த்தேன்.

நீலமஞ்சள்

அதனால்தான் குறைந்த விலை. கூரை மேலே இருந்தாலும் காற்றடித்தால் முன்வரிசைகளுக்குச் சாரல் வரும். குடை விரிக்க விடமாட்டார்கள், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். நால்வருக்கும் மழைக்கோட்டு எடுத்துப் போங்கள், முன்வரிசையையே எடுங்கள். ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் ஓரத்துக்கு வந்து பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போடுவது அந்த வரிசைகளுக்குத்தான். பேனாவை மறக்க வேண்டாம், தடித்த முனையாக இருக்கட்டும்.